ஓரத்து ஆட்டக்காரர்: ஐஸ் ஹாக்கி விங்கரின் தொழில் வாழ்க்கை எப்படி நகர்கிறது

சேலத்தில் இரும்பாலை என்று சொன்னால் வேறு விளக்கம் வேண்டியதில்லை. கஞ்சமலை, எவர்சில்வர் தகடு, ஷிஃப்டு மாறும் நேரம், குவார்ட்டர்ஸ் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடும். செக் நாட்டில், தலைநகர் பிராகாவுக்குப் பக்கத்தில், கிளாட்னோ என்று ஓர் ஊர் இருக்கிறது. அதுவும் இரும்பாலை ஊர்தான். 1889இல் கார்ல் விட்கென்ஸ்டைன் என்ற தொழிலதிபர் அங்கே எஃகு ஆலை தொடங்கினார். மனைவி லியோபோல்டினின் பெயரைச் சுருக்கி ஆலைக்குப் போல்டி என்று பெயர் வைத்தார். தத்துவவாதி லுட்விக் விட்கென்ஸ்டைன் இவருடைய மகன். ஊரின் ஐஸ் ஹாக்கி அணியும் பல காலம் அந்த ஆலையின் பெயரோடுதான் ஆடியது. அந்த அணிக்காகப் பதினாறு வயதில் பெரியவர்களோடு இறங்கிய பையன் யாரோமிர் யாகர். அவர் பின்னாளில் வட அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறை லீக்கான என்ஹெச்எல் போட்டிகளில் 1,733 ஆட்டங்கள் ஆடி, 766 கோல் அடித்து, 1,155 கோல்களுக்குக் கைகொடுத்து, மொத்தம் 1,921 புள்ளிகள் எடுத்தார். இந்தக் கணக்கில் அவருக்கு மேலே இருப்பவர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒருவர்தான்.

யாகர் ஒரு விங்கர். அதாவது ஓரத்தில் ஆடுகிறவர்.

டொராண்டோ பக்கத்தில் மகன் வீட்டுக்குப் போயிருக்கும் என் பெரியக்காவுக்கு இந்த ஓரம்தான் கவலையாகிவிட்டது. அங்கே பேரனை ஹாக்கியில் சேர்த்திருக்கிறார்கள். "நடுவுல ஆடிட்டு இருந்த புள்ளய ஓரத்துக்குத் தள்ளிட்டாங்கடா தம்பி. சரியா ஆடலையோ என்னமோ" என்று போனில் வருத்தப்பட்டார். அக்கா நினைத்தது இயல்புதான். ஆனால் ஐஸ் ஹாக்கியில் ஆட்டத்தின் பெரும்பங்கு அந்த ஓரத்துச் சுவரை ஒட்டித்தான் நடக்கிறது. ஒரு விங்கர் எத்தனை வருடம் இந்தத் தொழிலில் நிற்பார் என்பதையும் அந்த இரண்டு முழ அகலமே பெரும்பாலும் முடிவு செய்கிறது. கோல் கணக்கை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

ஆட்டத்தின் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 200 அடி நீளம், 85 அடி அகலத்தில் ஐஸ் தரை. அணிக்கு ஆறு பேர்: கோல்கீப்பர், டிஃபென்ஸில் இரண்டு பேர், நடுவில் சென்டர், இடமும் வலமும் ஒவ்வொரு விங்கர். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதிகள். பந்துக்குப் பதில் பக் என்ற கெட்டி ரப்பர் வில்லை. மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலத் தடிமன், எடை 170 கிராமைத் தாண்டாது. துள்ளாமல் வழுக்கிப் போக வேண்டும் என்பதால் ஆட்டத்துக்கு முன்பே அதை உறையவைத்து எடுத்து வருவார்கள். தரையைச் சுற்றி மூன்றரை அடி உயரத்துக்குப் பலகைச் சுவர், அதன்மேல் கண்ணாடி. நமக்குப் பழக்கமான ஹாக்கியில் பந்து கோட்டைத் தாண்டினால் ஆட்டம் நிற்கும். இங்கே பக் சுவரில் பட்டுத் திரும்ப உள்ளே வரும், ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஆட்டக்காரர்கள் அடிக்கடி மாறுவார்கள். ஒருவர் இறங்கினால் நாற்பது, ஐம்பது நொடிதான். முழு வேகத்தில் ஓடிவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்ப, அடுத்தவர் குதிப்பார். இதற்கு ஷிஃப்ட் என்று பெயர். ஓர் அணியில் வழக்கமாகப் பன்னிரண்டு முன்கள ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். மூன்று பேர் கொண்ட நான்கு லைன். முதல் லைனில் இருப்பவருக்கு ஓர் ஆட்டத்தில் இருபது நிமிடம் வரை கிடைக்கும். நான்காவது லைன்காரருக்கு எட்டு, பத்து நிமிடம் கிடைத்தால் உண்டு. அந்தப் பன்னிரண்டு பேரில் நான்கு பேர் சென்டர், எட்டுப் பேர் விங்கர். சென்டர் ஆடிப் பழகியவரை ஓரத்துக்கு மாற்றுவது எளிது. ஓரத்தில் வளர்ந்தவரை நடுவுக்குக் கொண்டுவருவது கடினம். ஆகவே விங்கரின் இடத்துக்கு எப்போதும் போட்டி அதிகம். அணியில் எளிதாக மாற்றக்கூடியவர் யார் என்று ஒரு பயிற்சியாளரைக் கேட்டால் அவர் கை பெரும்பாலும் ஒரு விங்கரைத்தான் காட்டும். விங்கரின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இந்த எண்ணிக்கையிலிருந்து தொடங்க வேண்டும்.

சரி, சுவரை ஒட்டி அப்படி என்னதான் நடக்கிறது? தன் கோல் பக்கத்தில் பக் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிஃபென்ஸ்காரர் அதைச் சுவரோடு உரசவிட்டு மேலே அனுப்புகிறார். விங்கர் பாதி வழியில், சுவருக்கு முதுகைக் கொடுத்தோ பக்கவாட்டில் திரும்பியோ காத்திருக்கிறார். பக் அவரிடம் வந்து சேரும் அதே நேரத்தில் எதிரணி டிஃபென்ஸ்காரர் ஒருவர் அவரை நோக்கிப் பாய்கிறார். கையில் இருப்பது ஒரு நொடி. சுவரில் தட்டி அந்த ஆளைத் தாண்டி வெளியே விடலாம். நடுவில் வரும் சென்டருக்கு ஓரடி தள்ளலாம். அல்லது இடியை வாங்கிக்கொண்டு பக்கைக் காலுக்கும் சுவருக்கும் நடுவே பூட்டி வைத்து, துணைக்கு ஆள் வரும்வரை தாக்குப்பிடிக்கலாம். மூன்றில் தவறானதைத் தேர்ந்தால் பக் எதிரணியிடம் போகும். கோல்கீப்பருக்கு முன்னால் காவல் இருக்காது. இதற்குப் புள்ளிக் கணக்கு கிடையாது, தொலைக்காட்சித் தொகுப்பிலும் வராது. ஆனால் மறுநாள் காலை வீடியோ பார்க்கும் பயிற்சியாளர் இதைத்தான் முதலில் பார்ப்பார். இங்கே மூன்று தடவை பக்கைத் தொலைத்தவர் நான்காவது தடவை பெஞ்சில் இருப்பார்.

எந்தக் கைக்காரர் என்பதும் இதில் சேர்கிறது. யாகர் ஸ்டிக்கை இடது பக்கமாகப் பிடிப்பவர், ஆடியது வலது ஓரத்தில். சுவர் அவருக்கு வலப்பக்கம், ஸ்டிக்கின் தட்டையோ உள்பக்கம். அதனால் சுவரோடு வரும் பக்கை அவர் ஸ்டிக்கின் பின்புறத்தால்தான் வாங்க வேண்டும். அது சிரமமான வேலை. ஆனால் எதிரணி கோலை நெருங்கும்போது அதே பிடி லாபமாகிவிடும். ஸ்டிக் மைதானத்தின் நடுப்பக்கம் இருப்பதால் கோல் நன்றாக விரிந்து தெரியும். வாஷிங்டன் அணியின் அலெக்சாண்டர் ஒவெச்கின் வலது கைப் பிடிப்பு, இடது ஓரம். 2025 ஏப்ரல் 6 அன்று 895ஆவது கோலை அடித்து, கிரெட்ஸ்கியின் மொத்த கோல் சாதனையை அவர் தாண்டினார். அவர் கோல்களில் ஏராளமானவை ஐஸில் வரைந்திருக்கும் இடப்பக்க வட்டத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று அடித்தவை. எதிரணிக்கு இடம் தெரியும், அடி வரும் என்பதும் தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

இந்த வேலை எல்லாம் ஸ்கேட்டின் அடியில் இருக்கும் மெல்லிய எஃகுப் பட்டையை நம்பி நடக்கிறது. சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன். வெளியிலிருந்து பார்த்தால் கத்திபோலத் தெரியும். ஆனால் அதற்கு ஒரு முனை கிடையாது. அடிப்பகுதியில் நீளவாக்கில் ஒரு குழிவு ஓடுகிறது, அதன் இரண்டு பக்கமும் இரண்டு விளிம்புகள். அணியின் சாணைக்காரர் ஸ்கேட்டை ஒரு பிடியில் கிடத்தி, சுழலும் கல்லில் ஒரே சீராக இழுப்பார். அந்தக் கல்லின் ஓரம் எந்த அளவுக்கு வட்டமாகத் தீட்டப்பட்டிருக்கிறதோ அந்த அளவுக்குக் குழிவு விழும். இழுத்து முடித்ததும் பட்டையின் மேல் ஒரு நாணயத்தைக் குறுக்கே வைத்து, இரண்டு விளிம்பும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்ப்பார்கள். குழிவு ஆழமாக இருந்தால் விளிம்பு ஐஸை நன்றாகக் கவ்வும், ஆனால் வேகம் குறையும். ஆழம் குறைந்தால் வழுக்கும், களைப்பு குறையும். எடை அதிகமுள்ளவர்கள் பெரும்பாலும் ஆழம் குறைந்ததையே கேட்பார்கள். ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பைக் ஓட்டியவர்களுக்கு இந்த விளிம்பின் வேலை எளிதில் புரியும். வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது டயரின் ஓரம்தான் நம்மைத் தாங்குகிறது. விங்கர் சாயும்போது அந்த உள் விளிம்பு.

நம் சமையலறை எவர்சில்வருக்கும் இந்த எஃகுக்கும் வித்தியாசம் உண்டு. தட்டு, டம்ளர் செய்யும் எஃகில் நிக்கல் கலந்திருக்கும். இழுத்த இழுப்புக்கு வளைந்து கொடுக்கும். ஸ்கேட் பட்டைக்கான எஃகில் கார்பன் கூடுதல். சூடேற்றிக் குளிர்வித்து இறுக்கினால்தான் விளிம்பு நிற்கும். உருட்டாலை வேலை தெரிந்தவர் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில் இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி தொழிலுக்கு வருவோம். கனடாவிலோ அமெரிக்காவிலோ ஒரு பையன் நான்கைந்து வயதில் ஸ்கேட் கட்டுவான். பதினாறு வயதில் ஜூனியர் லீக். பதினெட்டில் டிராஃப்ட். 32 அணிகளும் முறை வைத்து, ஏழு சுற்றுகளில் இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் அது. பெயர் கூப்பிட்டதும் எழுந்து நின்று அம்மாவைக் கட்டிப்பிடிக்கும் பையன்களைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம். அவர்களில் பலர் என்ஹெச்எல் ஐஸை மிதிக்காமலேயே போய்விடுவார்கள். தேர்வானவருக்கு முதல் ஒப்பந்தம் பெரும்பாலும் மூன்று வருடம். இதில் பலருக்கும் இரட்டைச் சம்பள முறைதான். மேல் லீக்கில் இருந்தால் ஒரு தொகை, அதற்கு அடுத்த படியான ஏஹெச்எல்லுக்கு அனுப்பினால் அதைவிட மிகக் குறைந்த தொகை. 2025-26 பருவத்தில் என்ஹெச்எல்லின் குறைந்தபட்சச் சம்பளமே 7,75,000 டாலர், நம் பணத்தில் ஆறு கோடிக்கு மேல். அதனால் காலையில் வரும் ஒரு போன் அழைப்பில் ஒரு விங்கரின் வருமானம் பல மடங்கு ஏறும், அதே போனில் இறங்கவும் செய்யும்.

மேலே கூப்பிடுவது பெரும்பாலும் யாரோ ஒருவருக்குக் காயம் பட்டால்தான். நம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனை நினைத்துப் பாருங்கள். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வலைப் பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர், மற்றவர்கள் காயத்தில் விழ விழ, ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அதே பயணத்தில் அறிமுகமானார். அதே வருடம் அவருக்கே முழங்காலில் அறுவை சிகிச்சை. கதவு திறப்பதும் மூடுவதும் உடம்பை வைத்துத்தான் என்பது எல்லா ஆட்டத்துக்கும் பொது. ஐஸ் ஹாக்கியில் அது வருடா வருடம், எல்லா அணியிலும் நடக்கிறது.

சராசரி விங்கரின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று காட்ட ராபின் பாவாவைச் சொல்வேன். கனடாவின் வான்கூவர் தீவில் டங்கன் என்ற ஊரில் பிறந்த பஞ்சாபிக் குடும்பத்துப் பையன், வலது விங்கர். டிராஃப்டில் யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஜூனியரில் கடினமாக ஆடி, 1989இல் வாஷிங்டன் அணிக்காக இறங்கினார். என்ஹெச்எல்லில் ஆடிய முதல் இந்திய வம்சாவளி ஆட்டக்காரர் அவர்தான். மொத்தம் 61 ஆட்டங்கள், 6 கோல். அந்த 61 ஆட்டங்களுக்குள் வாஷிங்டன், வான்கூவர், சான் ஹோசே, அனஹைம் என்று நான்கு அணிகள். மீதிக் காலமெல்லாம் கீழ்நிலை லீக்குகளில் பஸ் பயணம். ஒரு பருவம் முழுக்க மேலே ஆடினால் எண்பது ஆட்டத்துக்குக் குறையாது. இவர் அத்தனை வருடம் உழைத்து மேலே ஆடியது அதற்கும் குறைவு. ஆனால் அவருக்குப் பிறகு வந்த பஞ்சாபிப் பையன்களுக்கு, டிராஃப்டில் பெயர் வராமலேயே 2024இல் வான்கூவர் அணிக்கு இறங்கிய அர்ஷ்தீப் பெயின்ஸ் வரை, இந்த வழி இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

ஓரம் மாறியதால் பிழைத்த கதை ஒன்று உண்டு. என்னை அதிகம் பாதித்தது அதுதான். வில்லி ஓ'ரீ 1935இல் கனடாவின் ஃபிரெடெரிக்டனில் பிறந்தவர். 1958 ஜனவரி 18 அன்று பாஸ்டன் அணிக்காக இறங்கி, என்ஹெச்எல்லில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் ஆனார். அதற்கு முன்பே ஜூனியர் ஆட்டத்தில் பக் முகத்தில் அடித்து வலது கண்ணின் பார்வை கிட்டத்தட்ட முழுதாகப் போயிருந்தது. தெரிந்தால் ஆடவிட மாட்டார்கள் என்று வெளியே சொல்லவில்லை. அவர் ஆடியதோ இடது ஓரம். நடுவிலிருந்து வரும் பக் எல்லாம் அவருடைய வலப்பக்கமாகத்தான் வரும், பார்வை இல்லாத பக்கமாக. கழுத்தை முழுக்கத் திருப்பி, இடது கண்ணால் பார்த்து வாங்க வேண்டும். அப்படித் திரும்பும் நேரத்தில் மோத வருகிறவர் தெரியமாட்டார். என்ஹெச்எல்லில் 45 ஆட்டங்கள், 4 கோலோடு அந்த வாய்ப்பு முடிந்தது. பிறகு அமெரிக்க மேற்குக் கரையில், என்ஹெச்எல்லுக்குக் கீழான ஒரு லீக்கில், லாஸ் ஏஞ்சலிஸ் அணிக்கு ஆடியபோது அவரை வலது ஓரத்துக்கு மாற்றினார்கள். இப்போது ஆட்டம் முழுவதும் நல்ல கண்ணுக்கு நேராக வந்தது. அந்த லீக்கில் முப்பதோ அதற்கு மேலோ கோல் அடித்த பருவங்கள் அவருக்கு நான்கு. நாற்பது வயது தாண்டியும் ஆடினார். 2022இல் பாஸ்டன் அணி அவருடைய 22ஆம் எண்ணை வேறு யாருக்கும் இனி இல்லை என்று அறிவித்தது. இரண்டு ஓரங்களுக்கும் நடுவே இருப்பது 85 அடிதான். அந்த மாற்றத்தைச் சில வருடம் முன்பே யாராவது செய்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

யாகருக்கு வருகிறேன். அவர் வாழ்க்கையில் ஒரு விங்கர் தன்னை எத்தனை தடவை மாற்றிக்கொள்ள முடியும் என்பது முழுதாகத் தெரிகிறது. 1990 டிராஃப்டில் பிட்ஸ்பர்க் அணி அவரை ஐந்தாவதாகத் தேர்ந்தெடுத்தது. அதற்கு முன்பெல்லாம் செக்கோஸ்லோவாக்கியாவின் இளம் ஆட்டக்காரர் மேற்கே போக வேண்டுமானால் பெரும்பாலும் நாட்டை விட்டுத் தப்பித்துத்தான் போக வேண்டும். 1989இன் இறுதியில் அங்கே கம்யூனிச ஆட்சி விழுந்தது. சில மாதம் கழித்து வந்த டிராஃப்டுக்கு இவர் நேராகவே போய் உட்கார முடிந்தது. சட்டையில் போட்டுக்கொண்ட எண் 68. சோவியத் டாங்குகள் பிராகாவுக்குள் நுழைந்த வருடம் அது. நிலத்தை அரசு எடுத்துக்கொண்டதை எதிர்த்துச் சிறைக்குப் போன அவருடைய தாத்தா இறந்ததும் அந்த வருடம்தான்.

பதினெட்டு வயதில், ஆங்கிலம் தெரியாமல், ஊர் ஞாபகத்தில் தவித்தார். அணி நிர்வாகம் 1990 டிசம்பரில் யிர்ஷி ஹர்டினா என்ற இன்னொரு செக் ஆட்டக்காரரைக் கொண்டுவந்தது. பேச ஓர் ஆள் கிடைத்த பிறகு பையன் தெளிந்தார். அந்தப் பருவத்தில் 27 கோல், பருவ முடிவில் என்ஹெச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை. அடுத்த வருடமும் கோப்பை. வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஹர்டினா போன்ற ஒருவர் எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும்.

1995-96இல் 62 கோல், 87 அசிஸ்ட் (அதாவது கோலுக்குக் கைகொடுத்தது), மொத்தம் 149 புள்ளிகள். வலது விங்கர் ஒருவர் எடுத்ததிலேயே அதிகம். பருவத்தின் அதிகப் புள்ளிக்கான பரிசை ஐந்து தடவை வாங்கினார். 1998இல் நகானோ ஒலிம்பிக்கில் செக் நாட்டுக்குத் தங்கம். அப்புறம் சறுக்கல். 2001இல் வாஷிங்டனுக்குப் போனார். ஏழு வருடத்துக்கு 7.7 கோடி டாலர் ஒப்பந்தம். ஆட்டம் பழையபடி வரவில்லை, 2004இல் நியூயார்க்குக்கு மாற்றினார்கள். 2004-05இல் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் நடந்த சம்பளத் தகராறில் பருவமே ரத்தானது. அது முடிந்து வந்த 2005-06 பருவத்தில் நியூயார்க்குக்காக 54 கோல், 123 புள்ளிகள்.

2008இல் ரஷ்யாவின் ஓம்ஸ்க் நகரத்துக்குப் போய் மூன்று வருடம் ஆடினார். கதை முடிந்தது என்றார்கள். 2011இல் முப்பத்தொன்பது வயதில் திரும்பி வந்தார். பிலடெல்பியா, டல்லாஸ், பாஸ்டன், நியூஜெர்சி, ஃபுளோரிடா என்று ஊர் ஊராக ஒப்பந்தங்கள். வேகம் போய்விட்டது, இளைஞர்கள் அவரைக் கடந்து பறந்தார்கள். அப்போது கைகொடுத்தது அந்தச் சுவர்தான். ஆறே கால் அடி உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை, தூண் மாதிரித் தொடை. பக்கோடு மூலைக்குப் போய், எதிராளிக்கு முதுகைக் காட்டி, இடுப்பைப் பின்னால் தள்ளி நிற்பார். ஒரு கையால் ஸ்டிக். இருபத்திரண்டு வயதுக்காரர் பின்னாலிருந்து தள்ளுவார், இடம் மாறி மாறி முட்டுவார், பக் கிடைக்காது. அந்த நேரத்துக்குள் கோல் முன்னால் யாராவது தனியாக வந்துவிடுவார்கள், பக் அவருக்குப் போகும். இரவில் எல்லாரும் போன பிறகு, உடம்பில் எடை கட்டிக்கொண்டு தனியாக ஐஸில் ஓடி இந்தக் காலை அவர் காப்பாற்றிக்கொண்டார்.

2015-16இல் ஃபுளோரிடாவில் அவருக்கு நாற்பத்துநான்கு வயது ஆனது. 27 கோல், 66 புள்ளிகள், அணியிலேயே அதிகம். கூட ஆடிய சென்டர் அலெக்சாண்டர் பார்கோவ் பிறந்தது 1995 செப்டம்பரில். யாகர் முதல் தடவை அதிகப் புள்ளிப் பரிசு வாங்கியது அதே வருடத்து வசந்தத்தில். ஓடித் திறக்கும் வேலையை இளைஞர்கள் செய்தார்கள், பக்கைக் காத்துக் கொடுக்கும் வேலையை இவர் செய்தார். விங்கருக்கு வயதாகும்போது தன் பழைய வேலையை யாரிடம் கொடுத்துவிட்டு எந்தப் புதிய வேலையை எடுத்துக்கொள்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் முப்பது வயதில் இதற்கு மனம் ஒப்பாமல் வெளியேறிவிடுகிறார்கள். ஐம்பதைத் தாண்டியும் அவர் தன் சொந்த ஊர் அணிக்காக, அதன் உரிமையாளராகவும் இருந்துகொண்டே ஆடினார்.

சக ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தரும் சிறந்த ஆட்டக்காரர் விருதை யாகர் மூன்று தடவை பெற்றார். அந்த விருதுக்கு இப்போது டெட் லிண்ட்சே பெயர். அவரும் ஒரு விங்கர், டெட்ராய்ட்டின் இடது ஓரம். மறுபக்கம் கோர்டி ஹோ. 1957இல் லிண்ட்சே ஆட்டக்காரர்களுக்குச் சங்கம் தொடங்கினார். ஓய்வூதிய நிதிக்கு எங்கள் சம்பளத்தில் பிடிக்கிறீர்களே, அதன் கணக்கைக் காட்டுங்கள் என்பது அவர்களுடைய முக்கியக் கேள்விகளில் ஒன்று. டெட்ராய்ட் அவரை சிகாகோவுக்கு மாற்றி அனுப்பியது. அப்போது தரவரிசையில் கடைசியில் கிடந்த அணி அது. சங்கம் அடுத்த வருடமே கலைந்தது, நிலைத்த சங்கம் 1967இல்தான் வந்தது. இன்றைய குறைந்தபட்சச் சம்பளம், மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. மில்லும் ஆலையும் சங்கமும் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு லிண்ட்சேயை அடையாளம் தெரியும் என்று நம்புகிறேன்.

இருண்ட பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நான்காவது லைனில் ஒரு விங்கர் இடத்தைச் சண்டைக்காகவே ஒதுக்கி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. டெரெக் பூகார்ட் அப்படி ஓர் இடது விங்கர். 277 ஆட்டங்கள், 3 கோல். அவர் வேலை எதிரணியின் பலசாலியோடு குத்துச்சண்டை போடுவது. 2011இல், 28 வயதில், வலி மாத்திரையும் மதுவும் கலந்ததில் இறந்தார். மூளையைச் சோதித்தபோது தொடர்ந்து அடி வாங்கியவர்களுக்கு வரும் சிதைவு தெரிந்தது. அவரும் பட்டியலில் விங்கர் என்றுதான் எழுதப்பட்டிருக்கிறார். அந்த வேலை இப்போது ஏறக்குறைய மறைந்துவிட்டது, நல்லதாகப் போயிற்று. அக்காவிடம் இதையும் சொன்னேன். கூடவே, கனடா 2013லேயே பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிரிவில் உடலால் மோதுவதைத் தடை செய்துவிட்டது என்றும் சொன்னேன். "அப்ப சரி, அந்த வயசு வரைக்கும் பயமில்ல" என்றார்.

சேலத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன இருக்கிறது? மார்கழியில் ஏற்காட்டுக்குப் போனால் ஸ்வெட்டர் வேண்டும், அவ்வளவுதான், ஏரி உறையாது. இந்தியாவில் இந்த ஆட்டத்தின் தாய்வீடு லடாக். அங்கே குளிர்காலத்தில் குளங்கள் உறைந்து கிடக்கும். இந்திய அணியில் பெரும்பாலானவர்கள் அந்தக் குளங்களில் பழகியவர்கள். 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் அணி வெண்கலம் வாங்கியது. தமிழ்நாட்டுக்குச் சக்கர ஸ்கேட்டிங் இருக்கிறது. 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் நம் மாநிலத்து ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரில் தங்கம் வென்ற பிறகு, ஸ்கேட்டிங் வகுப்புக்கு வெளியே நிற்கும் பெற்றோர் பலர் ஐஸைப் பற்றியும் கேட்கிறார்கள்.

சக்கரத்திலிருந்து ஐஸுக்குப் போகலாம். சமநிலை, முழங்கால் மடிப்பு, பார்வையை மேலே வைத்து ஓடுவது எல்லாம் கூடவே வரும். நிற்பது மட்டும் வராது. ஐஸில் இரண்டு பட்டையையும் குறுக்கே திருப்பி, ஐஸைச் சுரண்டிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கலாம். சக்கரத்தில் அப்படிப் பக்கவாட்டில் சறுக்கி நிற்பதே தனி வித்தை. ஐஸில் ஒரு விங்கர் ஒரு ஷிஃப்டில் பலமுறை இப்படித் திடீரென்று நின்று, அப்படியே எதிர்ப்பக்கம் கிளம்ப வேண்டும். எனவே ஆர்வமுள்ள பிள்ளைக்குச் சீக்கிரமே சில வாரமாவது உண்மையான ஐஸ் கிடைப்பது முக்கியம். அதற்கு டேராடூனின் உள்ளரங்கமும் லடாக்கின் குளிர்காலமும் முக்கிய வழிகள். செலவு அதிகம், மறைக்க வேண்டியதில்லை. என்ஹெச்எல்லை இப்போதே கனவு காண வேண்டியதும் இல்லை. இந்திய அணி என்ற இலக்கு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. பருவம் அக்டோபர் வாக்கில் தொடங்கி, கோப்பை ஜூனில் முடிவாகும். அமெரிக்கக் கிழக்குக் கரையில் மாலை ஏழு மணி ஆட்டம் நமக்கு விடியற்காலை நாலரைக்கோ ஐந்தரைக்கோ வரும். முதல் சில ஆட்டங்களில் பக்கைத் துரத்தாதீர்கள், கண்ணுக்குச் சிக்காது. ஒரு விங்கரைத் தேர்ந்து, அவர் பெஞ்சிலிருந்து குதிப்பதில் தொடங்கித் திரும்பி வந்து உட்காரும் வரை அவரை மட்டும் பாருங்கள். பக் அவரிடம் இருந்த நேரம் இரண்டு மூன்று நொடிதான் இருக்கும். மீதி நேரத்தில் அவர் எங்கே நின்றார், சுவரில் யாரை மறித்தார், எப்போது திரும்பி ஓடினார் என்று பாருங்கள்.